பழைய ஹப்பில் புதிய கேசட்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த ஸ்டீல் சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. பின்னால் 7 கியர். பல்சக்கரங்கள் தேய்ந்து, மிதிக்கும்போது செயின் வழுக்க ஆரம்பித்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் பாதையில் இன்னும் லேசான கியர் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்ற எண்ணமும் இருந்தது. அதனால் 11 முதல் 32 பல் வரையுள்ள 9 ஸ்பீடு கேசட் (ஒன்பது பின் பல்சக்கரங்களின் அடுக்கு) ஒன்றை 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். "ஷிமானோ ஹப்தானே, எல்லாம் ஏறும்" என்று விற்றவர் சொன்னார். ஷிமானோ சைக்கிள் உதிரி செய்யும் நிறுவனம், ஹப் என்பது சக்கரத்தின் நடுக்குடம்.

அன்று ராத்திரி மொட்டைமாடியில் மாட்டிப் பார்த்தேன். பெரிய பல்சக்கரங்கள் அழகாக இறங்கின. கடைசி இரண்டுக்கும் பிடிப்பில்லை. 11 பல் சக்கரம், ஹப்பில் கேசட் உட்காரும் உருளையான பாடிக்கு வெளியே நின்று விரலால் தள்ளினால் சுற்றியது. எல்லாவற்றையும் இறுக்கும் வளையமான லாக்ரிங்கின் மரை உள்ளே எட்டவே இல்லை. அதன் பிறகு எல்லாம் சரியாகி வண்டி ஓடுவதற்கு ஏழு வாரமும் பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலும் ஆயிற்று. இதில் பாதிக்கும் மேல் தவிர்த்திருக்கக்கூடிய செலவு. அதை நீங்களாவது தவிர்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. உங்களிடம் இருப்பது ஃப்ரீவீலா, கேசட்டா என்று முதலில் பாருங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஃப்ரீவீலில், 'கிர்கிர்' என்று சுற்றும் ராட்செட் பல்சக்கரங்களோடு சேர்ந்தே இருக்கும், மொத்தமும் ஹப்பின் மரையில் திருகி ஏறும். கேசட்டில் ராட்செட் ஹப்போடு இருக்கும் ஃப்ரீஹப் பாடிக்குள் இருக்கிறது. பல்சக்கரங்கள் அதன் மேல் வழுக்கி இறங்கும், லாக்ரிங் அவற்றை இறுக்கிப் பிடிக்கும்.

சோதிப்பது சுலபம். பின் சக்கரத்தைக் கழற்றி, குவிக் ரிலீஸ் கம்பியையும் உருவி எடுத்துவிட்டு, பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் கருவி பொருந்தும் காடிகள் தெரியும். அவை பல்சக்கரங்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். பல் மட்டும் சுற்றி, காடிகள் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

நம் ஊரில் விற்கும் விலை குறைந்த 6, 7 கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான் இருக்கும். அதில் எந்தக் கேசட்டும் ஏறாது, அதற்கு அடாப்டர் எதையும் தேட வேண்டாம். லேசான கியர்தான் வேண்டுமென்றால் 14 முதல் 34 பல் வரையுள்ள 7 ஸ்பீடு ஃப்ரீவீல் கிடைக்கிறது, அதோடு திருப்தி அடையலாம். கேசட்டே வேண்டுமென்றால் ஹப்பையோ முழுச் சக்கரத்தையோ மாற்ற வேண்டும்.

2. ஹப்பில் இருக்கும் எழுத்துகளைப் படியுங்கள்

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஹப்பின் நடுப்பகுதியைத் துடையுங்கள். ஷிமானோ ஹப் என்றால் மாடல் எண் தெரியும். அது எஃப்எச் (FH) என்று தொடங்கினால் ஃப்ரீஹப். பக்கத்திலோ உள்புறத்திலோ இரண்டு எழுத்தில் தேதிக் குறியும் இருக்கலாம். முதல் எழுத்து வருஷம்: ஏ என்றால் 1976, அங்கிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு போனால் என் (N) 1989, எஸ் (S) 1994. இரண்டாவது எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி.

இந்த வருஷம் ஏன் முக்கியம்? ஷிமானோவின் பழைய பாடிகளுக்கு யூனிகிளைடு என்று பெயர். இப்போது நாம் வாங்கும் கேசட்டுகள் பெரும்பாலும் 1980களின் கடைசியில் வந்த ஹைப்பர்கிளைடு அமைப்பைச் சேர்ந்தவை. யூனிகிளைடில் பாடியைச் சுற்றியுள்ள ஒன்பது காடிகளும் ஒரே அகலம். ஹைப்பர்கிளைடில் ஒன்று மட்டும் அகலத்தில் வேறுபடும், அதனால் பல்சக்கரம் ஒரே ஒரு நிலையில்தான் உள்ளே போகும். யூனிகிளைடில் லாக்ரிங்கும் கிடையாது, கடைசிச் சின்னப் பல்சக்கரமே மரையில் திருகி மற்றதை இறுக்கும். உங்களிடம் இருப்பது யூனிகிளைடு என்றால், ஒவ்வொரு பல்சக்கரத்திலும் பொருந்தாத அந்த ஒரு நாக்கை அரத்தால் ராவி மாட்டுகிறவர்கள் உண்டு. ஆனாலும் கடைசிச் சக்கரமாகப் பழைய யூனிகிளைடு சக்கரத்தையே போட வேண்டும். அது தேய்ந்திருந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம். புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், பாடியை மாற்றுவதே நல்லது.

இன்னொன்று: ஷிமானோவின் தொழில்நுட்பத் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால், பல ஹப்களுக்கு உதிரிகளைப் பிரித்துக் காட்டும் வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். அதில் ஃப்ரீஹப் பாடிக்கென்று தனி உதிரி எண் இருக்கும், பெரும்பாலும் ஒய் என்ற எழுத்தில் தொடங்கும். அந்தப் பக்கத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

3. பழைய கேசட்டைக் கழற்றிப் பாடியின் நீளத்தை அளங்கள்

இதைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். வண்டியில் இத்தனை பல்சக்கரம் இருக்கிறது, அதனால் பாடியும் அதற்கானதுதான் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டு கருவிகள் வேண்டும். லாக்ரிங் கழற்றும் கருவிக்கு 350 ரூபாய் கொடுத்தேன், செயின் விப்புக்கு 600. செயின் விப் என்பது நீண்ட பட்டையின் நுனியில் செயின் துண்டு பொருத்தியது. லாக்ரிங்கை இடப்பக்கமாகத் திருப்பினால் பல்சக்கரங்களும் கூடவே சுற்றிவிடும், அதைத் தடுத்துப் பிடிக்கத்தான் இது. செயின் விப்பைப் பெரிய பல்சக்கரமொன்றில் மாட்டி ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையால் ஸ்பேனரைத் திருப்புங்கள். 'டக்' என்று பெரிய சத்தத்தோடு விடும். லாக்ரிங்கின் அடியில் வரி வரியாக இருக்கும், அது விடும் சத்தம்தான், எதுவும் உடையவில்லை.

வெறும் பாடி தெரிந்ததும் வெர்னியரை வைத்து, உள்பக்கத் தோளிலிருந்து வெளி விளிம்பு வரை காடியின் நீளத்தை அளங்கள். சுமார் 31 மில்லிமீட்டர் என்றால் 7 ஸ்பீடு பாடி. சுமார் 35 என்றால் 8, 9, 10 ஸ்பீடுக்குப் பொதுவானது. சுமார் 37 என்றால் ரோடு சைக்கிள்களின் 11 ஸ்பீடு பாடி.

எனக்கு வந்த சிக்கலெல்லாம் இந்த 4 மில்லிமீட்டரில்தான். கேசட்டின் மொத்த அகலத்தைப் பாருங்கள்: 7 ஸ்பீடுக்கு 31.9 மில்லிமீட்டர், 8 ஸ்பீடுக்கு 35.4, 9 ஸ்பீடுக்கு 36.5, 10 ஸ்பீடுக்கு 37.2. எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் அதிக வித்தியாசமில்லை, பல்சக்கரங்களை மெலிதாக்கி நெருக்கிவிட்டார்கள். ஏழிலிருந்து எட்டுக்குத்தான் பாடியே நீண்டது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. என் நண்பர் ஒருவர் தன் 7 கியர் வண்டிக்குப் புதுச் சக்கரமே வாங்கத் தயாராக இருந்தார். கழற்றிப் பார்த்தபோது கேசட்டுக்குப் பின்னால் 4.5 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடத்தை நிரப்பும் வளையம்) ஒன்று இருந்தது. 8 ஸ்பீடு பாடியில் 7 ஸ்பீடு கேசட்டை ஸ்பேசர் வைத்து மாட்டியிருக்கிறார்கள். அவர் அந்த வளையத்தை எடுத்துவிட்டு 8 ஸ்பீடு கேசட்டை மாட்டிக்கொண்டார்.

4. பாடி 35 மில்லிமீட்டர் என்றால்

உங்களுக்கு வேலை குறைவு. 8, 9 ஸ்பீடு கேசட்டுகள் அப்படியே ஏறும். ஷிமானோவின் பல 10 ஸ்பீடு ரோடு கேசட்டுகளுக்குப் பின்னால் 1 மில்லிமீட்டர் ஸ்பேசர் வேண்டும், கேசட் பெட்டியிலேயே வரும், அட்டையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

11 ஸ்பீடில்தான் கவனம் தேவை. 11-28, 11-32 போன்ற ரோடு கேசட்டுகள் இந்தப் பாடியில் ஏறாது, பாடி 1.85 மில்லிமீட்டர் குறைவு. ஆனால் ஷிமானோவின் எச்ஜி700, எச்ஜி800 வரிசையில் வரும் 11-34 கேசட் ஏறும். அதன் பெரிய பல்சக்கரம் ஹப்பின் விளிம்புக்கு மேலாக உள்ளே சரிந்து நிற்பதால் இடம் கிடைக்கிறது. மலைச் சைக்கிளுக்கான ஷிமானோ 11 ஸ்பீடு கேசட்டுகளும் இதே காரணத்தால் ஏறும். 10 பல்லில் தொடங்கும் கேசட் எதுவும் இதில் ஏறாது. அவற்றுக்கு மைக்ரோஸ்பிளைன், எக்ஸ்டி (XD) என்று பாடியே வேறு.

5. பாடி 31 மில்லிமீட்டர் என்றால்: மூன்று வழிகள்

அ) 7 ஸ்பீடு கேசட்டையே புதிதாகப் போடுவது. ஷிமானோவின் எச்ஜி200 வரிசையில் 12-32 இருக்கிறது. கேசட் 900, செயின் 700, கருவிகள் 950, மொத்தம் 2,550 ரூபாய். ஒரு மணி நேர வேலை. ஏறுவதற்கு லேசான கியர் மட்டும் போதும் என்றால் இதுவே போதும். நான் முதலில் அளந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பேன்.

ஆ) 9 ஸ்பீடு கேசட்டிலிருந்து ஒரு பல்சக்கரத்தை எடுத்துவிட்டு எட்டை மட்டும் 7 ஸ்பீடு பாடியில் போடுவது. 9 ஸ்பீடில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 4.35 மில்லிமீட்டர். எட்டுச் சக்கரம் அடுக்கினால் சுமார் 32.2 வரும், 7 ஸ்பீடின் 31.9-ஐவிட 0.3 மட்டுமே கூடுதல், லாக்ரிங் பிடித்துக்கொள்ளும். 11-12-14-16-18-21-24-28-32 என்ற கேசட்டில் 12-ஐ அதற்குரிய ஸ்பேசரோடு எடுத்துவிடலாம். முதல் சக்கரமான 11-ஐ எடுக்காதீர்கள். லாக்ரிங் உட்காரும் வரிகள் அதன் முகத்தில்தான் இருக்கின்றன. 9 ஸ்பீடு செயினும், கிளிக் வைத்த ஷிஃப்டர் (கியர் மாற்றும் பிடி) என்றால் 9 ஸ்பீடு ஷிஃப்டரும் வேண்டும். மிஞ்சும் ஒரு கிளிக்கை, செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் டீரெய்லரின் லிமிட் ஸ்க்ரூவால் அடைத்துவிட வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய 7 ஸ்பீடு பாடிகள் பலவற்றில் காடியின் மேடுகள் வெளி விளிம்பு வரை முழு உயரத்தில் வரும். 11 பல் சக்கரத்தின் உள்துளை சின்னது என்பதால் அது அந்த மேடுகளில் இடித்து நிற்கும். நுனியில் 2 மில்லிமீட்டர் அளவுக்கு மேடுகளைச் சாணை பிடித்தால் இறங்கும், ஆனால் பாடி கடினமான எஃகு, அரத்துக்கு அசையாது. 12 பல்லில் தொடங்கும் கேசட்டை வாங்கினால் இந்த வேலையே இல்லை. லாக்ரிங்கும் பொருந்த வேண்டும்: 11-க்கான லாக்ரிங் சின்னது, 12-க்கானது பெரியது. பெரியதை 11-ல் போட்டால் செயின் அதன் மேல் ஏறி உரசும்.

இ) ஃப்ரீஹப் பாடியையே 8/9/10 ஸ்பீடு பாடியாக மாற்றுவது. கேசட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டேன், சைக்கிளை இன்னும் இருபது வருஷம் ஓட்டும் எண்ணமும் இருந்தது, அதனால் நான் இந்த வழியில் போனேன்.

6. பாடியை மாற்றுதல்

கோவையில் பீளமேட்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் சக்கரத்தைக் கொண்டுபோனேன். பார்த்ததும் சொன்னார்: "தம்பி, பல்லையே பாத்துட்டு இருக்காதீங்க. பழசைக் கழட்டி அதோட முதுகைப் பாத்துட்டு அப்பறமா ஆர்டர் போடுங்க." முதுகு என்று அவர் சொன்னது பாடி ஹப்போடு பொருந்தும் பின்பக்கத்தை. அந்தப் பற்களின் அமைப்பும் ஆழமும் ஹப்புக்கு ஹப்பு மாறும். பாடியைக் கழற்றாமல் படத்தை மட்டும் நம்பி ஆர்டர் போட்டிருந்தால் இன்னொரு தடவை பணம் போயிருக்கும்.

கழற்றும் முறை இது. இடப்பக்க லாக்நட்டுக்கு 17, கோனுக்கு (குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்) 15 அளவு தட்டை ஸ்பேனர் பெரும்பாலான ஷிமானோ பின் ஹப்களுக்குச் சரியாக இருக்கும். இடப்பக்கத்தைக் கழற்றி ஆக்சிலை (நடு அச்சை) வலப்பக்கமாக உருவுங்கள். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 9 வீதம் 18 பால்ரஸ் குண்டுகள் விழும், கால் அங்குல அளவு. எண்ணிப் பாருங்கள். எனக்குப் பதினேழுதான் கிடைத்தது. அரைமணி நேரம் தேடிய பிறகு, பதினெட்டாவது குண்டு கறுத்த கிரீஸோடு பாடியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பழையதைத் திரும்பப் போட வேண்டாம், புதுக் குண்டுகளும் கிரீஸும் சேர்த்தே 150 ரூபாய்தான்.

குண்டுகளை எடுத்ததும் பாடியின் உள்ளே ஆறு முகத் துளையுள்ள குழாய் போல்ட் தெரியும். 10 மில்லிமீட்டர் ஆலன் கீயை வலப்பக்கத்திலிருந்து உள்ளே விட்டு இடப்பக்கமாகத் திருப்புங்கள். முப்பது வருஷம் இறுகியது, கைக்கு அசையாது. ஆலன் கீயை வைஸில் செங்குத்தாக நிறுத்தி, சக்கரத்தை அதன் மேல் கவிழ்த்து, ரிம்மை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினோம், விட்டது. சக்கரத்தைக் கவிழ்த்துப் பிடித்திருக்கும்போது திசை குழம்பும், இரண்டு தடவை யோசித்துவிட்டுத் திருப்புங்கள். பாடிக்கும் ஹப்புக்கும் நடுவில் மெல்லிய வாஷர் இருக்கலாம், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

புதுப் பாடி உள்ளூரில் கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பாடி 2,600, கூரியர் 1,400, சுங்கவரியும் அதன் கட்டணங்களும் 900, ஆக 4,900 ரூபாய். கூரியர்காரர்கள் கேஒய்சி கேட்பார்கள்: ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல், விலை தெளிவாக உள்ள பில், பணம் கட்டியதற்கான சான்று. என் பில்லில் "உதிரி பாகம்" என்று மட்டும் இருந்ததால் எது, எதற்கு என்று விளக்கக் கடிதம் கேட்டார்கள், ஒன்பது நாள் அதிலேயே போனது. "சைக்கிள் பின் ஹப்புக்கான ஃப்ரீஹப் பாடி, எண்ணிக்கை 1" என்று பில்லில் முழுதாக எழுதச் சொல்லி விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஹப்பின் வரைபடப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பியதும் எனக்கு விடுவித்தார்கள். மொத்தம் ஐந்து வாரம்.

7. பாடி நீண்டால் மற்றவையும் மாறும்

வலப்பக்கப் பால்ரஸ் கிண்ணம் பாடியின் வெளி நுனியில் இருக்கிறது. பாடி 4 மில்லிமீட்டர் நீண்டால் கோனும் லாக்நட்டும் 4 மில்லிமீட்டர் வெளியே போகும். என் ஹப் 126 மில்லிமீட்டர் அகலம், அது 130 ஆனது. 126-க்கான குவிக் ரிலீஸ் ஆக்சில் சுமார் 137 மில்லிமீட்டர் நீளம், 130-க்கு 141 வேண்டும். புது ஆக்சில் 400 ரூபாய்.

ஃபிரேமுக்குள் 130 நுழைய வேண்டும். ஸ்டீல் ஃபிரேம் என்றால் பின் முள்ளை (பின் சக்கரத்தைப் பிடிக்கும் இரு கைகளை) கையால் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் விரித்து நுழைக்கலாம். ஒவ்வொரு தடவையும் விரிக்கப் பிடிக்கவில்லை என்றால், ஃபிரேமைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து நிரந்தரமாக விரித்துக்கொள்ளலாம். அலுமினியம், கார்பன் ஃபிரேம்களில் இதைச் செய்யவே கூடாது, விரிசல் விடும். அப்படிப்பட்ட ஃபிரேம் என்றால் பழைய அகலத்தையே வைத்திருக்க வேண்டும்: இடப்பக்கத்தில் 4 மில்லிமீட்டர் ஸ்பேசரைக் குறைக்க வேண்டும். அங்கே அவ்வளவு ஸ்பேசர் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். மெலிந்த ஸ்பேசர் தேவைப்பட்டால் கோவையில் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து கொடுப்பார்கள்.

பிறகு ரிம் நடுவில் இருக்காது. 126-ஐ 130 ஆக்கியிருந்தால் ரிம்மை வலப்பக்கம் 2 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். அகலத்தை மாற்றாமல் இடப்பக்கம் குறைத்திருந்தால் 4 மில்லிமீட்டர். வலப்பக்க ஸ்போக்ஸை இறுக்கி, இடப்பக்கத்தைத் தளர்த்தி, கடைசியில் பெண்டு எடுக்க வேண்டும். இதை நான் செய்யவில்லை, அந்த அண்ணனிடமே 300 ரூபாய் கொடுத்தேன். முப்பது வருஷ ஸ்போக்ஸ் நிப்பிள்கள் துருப்பிடித்திருக்கும். முதல் நாளே சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.

8. மாட்டுதலும் மற்ற உதிரிகளும்

பாடியில் மெல்லிதாகக் கிரீஸ் தடவி, அகலத்தில் வேறுபடும் அந்தக் காடியைப் பார்த்துப் பல்சக்கரங்களை வரிசையாக இறக்குங்கள். லாக்ரிங்கைக் கையால் தொடங்கி, மரை ஒழுங்காகப் பிடித்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். அதன் மேலேயே 40 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். டார்க் ரெஞ்சு இல்லையென்றால், 25 செண்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் சுமார் 16 கிலோ எடை அளவுக்கு அழுத்துங்கள். இறுக்கும்போது செயின் விப் தேவையில்லை. இறுக்கியபின் பெரிய பல்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், துளிகூட ஆடக் கூடாது.

செயின் புதிதாக வாங்கியாக வேண்டும். பழைய 7 ஸ்பீடு செயின் 7 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், 9 ஸ்பீடு பல்லிடையில் பக்கத்துச் சக்கரத்தை உரசும். 9 ஸ்பீடு செயினுக்கு 1,300, கேபிளுக்கு 200 ஆயிற்று. ஷிஃப்டர் செலவு எனக்கு மிஞ்சியது. என் வண்டியில் ஃபிரேம் குழாயில் பொருத்திய பழைய ஷிஃப்டர், கிளிக்கை விட்டு உராய்வு முறைக்குத் திருப்பக்கூடியது. அதற்கு எத்தனை பல்சக்கரம் என்ற கணக்கே கிடையாது. கிளிக் ஷிஃப்டர் வைத்திருப்பவர்கள் 9 ஸ்பீடு ஷிஃப்டர் விலையையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஷிமானோவின் பழைய டீரெய்லர்கள் பெரும்பாலும் 7, 8, 9 மூன்றுக்கும் ஒரே இழுவை அளவுதான், அதை மாற்ற வேண்டியிருக்காது. பழைய டூரா-ஏஸ் மட்டும் விதிவிலக்கு. ஆனால் டீரெய்லர் எத்தனை பல் வரை தாங்கும் என்று பாருங்கள். உருளைகளைத் தாங்கும் கூண்டு குட்டையாக உள்ள டீரெய்லரில் 32 பல் போட்டால் மேல் உருளை பல்சக்கரத்தில் இடிக்கும்.

முதல் ஓட்டத்தை மலையில் வைக்காதீர்கள். சமதரையில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, லாக்ரிங்கை மறுபடி இறுக்கி, ஆக்சிலில் ஆட்டம் இருக்கிறதா என்று ரிம்மைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். என்னுடையதில் கோன் அரைச் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு, அடுத்த ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பினேன். கழற்றிய 7 ஸ்பீடு பாடியைக் கிரீஸ் பூசி, அந்த வாஷரோடு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நல்ல நிலையில் உள்ள 7 ஸ்பீடு பாடி இப்போது கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, உங்களுடையதையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.